நடுநீள பேஸ் கிட்டார்: மாற்றலும் மாற்றல் நிமித்தமும்

மின்சார பேஸ் கிட்டாரைப் பற்றிய நூல்கள், அதை வாசித்தவர்களைப் பற்றியும் அதைச் செய்தவர்களைப் பற்றியும் அது ஒலித்த இசைத்தட்டுகளைப் பற்றியும் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் அக்கருவியை உடைமையாகக் கொண்டோரில் ஒரு சாரார் அதை வாசிப்பதைவிடக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருப்பதிலேயே மிகுதியான பொழுதைக் கழிக்கின்றனர் என்னும் வெளிப்படையான உண்மை, உரிய கவனத்தைப் பெறாமலே கிடக்கிறது. இச்சாராருள் நடுநீள பேஸ், அதாவது கடைக்காரர்கள் மீடியம் ஸ்கேல் என்று சொல்லும் 32 அங்குல வகையை வைத்திருப்போர் தலையாயவர் என்பதும், அவர்கள் கையில் ஸ்க்ரூடிரைவர் ஏறுவதற்குக் காரணம் அவர்களுடைய குணம் அன்று, கருவியின் அமைப்பும் சந்தையின் போக்குமே என்பதும் இவ்வாய்வின் துணிபு. இத்தகைய ஆய்வொன்று வேண்டுமென்று இதுவரை எவரும் கேட்டதில்லை; ஆய்வுலகில் அது ஒரு தடையாகக் கருதப்படுவதுமில்லை.

அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்துக் காணும் தொல்காப்பிய நெறி, ஒரு மரப்பலகைக்கும் நான்கு கம்பிக்கும் பொருந்துமோ என்னும் ஐயம் எழலாம். பொருந்தும், என்னை? இதற்கும் நிலம் உண்டு, அது வீட்டில் வேறெதற்கும் பயன்படாத மூலை. பொழுதும் உண்டு, அது மற்றவர்கள் உறங்கிய பின் வரும் யாமம். எனவே கம்பியின் நீளம் முதற்பொருளாகவும், அந்நீளத்தைச் சார்ந்து நிற்கும் உறுப்புகள் கருப்பொருளாகவும், அவ்வுறுப்புகளைக் கழற்றி வேறு பூட்டுதல் உரிப்பொருளாகவும் இங்குக் கொள்ளப்படும்.

முதற்பொருள்

ஸ்கேல் நீளம் எனப்படுவது, கழுத்தின் நுனியில் கம்பிகள் அமரும் பள்ளங்களை உடைய நட் என்னும் சிறு பட்டைக்கும், உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் சேடில்களுக்கும் இடையே கம்பி தங்குதடையின்றி அதிரும் தொலைவாகும். இத்தொலைவு 34 அங்குலமாயின் நெடுநீளம், 30 அங்குலமோ அதற்குச் சற்று மேலோ ஆயின் குறுநீளம், 32 அங்குலத்தை ஒட்டி அமையின் நடுநீளம் என்பது வழக்கு. தமிழ் உயிரெழுத்துகளுக்கே குறில், நெடில் என்னும் இரண்டு போதுமாயிருக்க, ஒரு வாத்தியத்துக்கு மூன்றாவது எதற்கு என்று கேட்பார் உளர். அக்கேள்வியை அமெரிக்கத் தொழிலுலகமும் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டது. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட ப்ரிசிஷன் பேஸ் 34 அங்குலத்தில் அமைந்தது. 30, 32 அங்குல நீளங்களையும் சோதித்து, வேண்டிய அதிர்வு கிட்டாமையால் அவற்றை ஒதுக்கிய பின்பே அவர் அந்த அளவுக்கு வந்தார் என்று சொல்லப்படுகிறது. ஆகவே 32 அங்குலம் என்பது பிறக்கும் முன்பே ஒருமுறை வேண்டாமென்று தள்ளப்பட்ட நீளம் என்பதை அதன் வரலாற்றை எழுதப் புகுவோர் மனத்திற் கொள்ள வேண்டும்.

குறுநீளத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதற்குப் புரவலர்கள் வாய்த்தனர். ஜெர்மனியின் ஹோஃப்னர் 500/1 என்னும் வயலின் வடிவ பேஸ், பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் அதை வாங்கி வாசித்த பின் உலகப் புகழ் பெற்றது. ஃபெண்டர் நிறுவனமே 1966-இல் மஸ்டாங் பேஸை 30 அங்குலத்தில் கொண்டுவந்தது. நடுநீளத்துக்கு அப்படியொரு பெருமகன் வாய்க்கவில்லை. அதற்கு ஆதரவு வந்தது ஜப்பானிலிருந்து. 1980-களில் அங்கே இளைஞர் இசைக்குழுக்கள் பெருகியபோது, யமஹாவின் மோஷன் பேஸ் வரிசையும், ஜப்பானில் ஃபெண்டர் பெயரில் தயாரான ப்ரிசிஷன், ஜாஸ் பேஸ்களுள் சிலவும் 32 அங்குலத்தில் வெளிவந்தன. இவற்றுள் பிந்தியவை தோற்றத்தில் தம் நெடுநீள மூத்தோரை அப்படியே ஒத்திருந்தமையால், பழைய பொருளாக வாங்கியவர்கள் சிலர் தாம் எதை வாங்கினோம் என்பதை வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்த பின்பே அறிந்தனர். அளக்கும் முறை எளிது: நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரையுள்ள தொலைவு ஸ்கேலின் சரிபாதியாகும். 17 அங்குலம் வரவேண்டிய இடத்தில் 16 வந்தால் வாங்கியது நடுநீளம். அளந்தவர் டேப்பைச் சந்தேகித்து வேறொரு டேப் தேடுவது அடுத்த படி. ரிக்கன்பேக்கர் 4001 என்னும் கருவியோ 33¼ அங்குலத்தில் நின்றுகொண்டு வகைப்படுத்துவோரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. நெடுநீளத்தாரும் நடுநீளத்தாரும் அதைத் தத்தம் கட்சியில் சேர்த்துக்கொள்வர்.

இரண்டு அங்குலக் குறைவால் விளையும் பயன் யாது என்பது அடுத்த வினா. ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகக் கம்பி. கம்பியை அதன் பின்னால் அழுத்தினால் சுரம் அரைப்படி ஏறும். ஒவ்வொரு ஃப்ரெட்டும், எஞ்சியுள்ள கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்து வரும் தொலைவில் அமைகிறது. இக்கணக்கின்படி, நெடுநீளத்தில் நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் இடையே 48.5 மில்லிமீட்டரும், நடுநீளத்தில் 45.6 மில்லிமீட்டரும் இருக்கும். வேறுபாடு 2.9 மில்லிமீட்டர். விரலுக்கொரு ஃப்ரெட் என்று நான்கு விரல்களையும் விரித்து வாசிக்கும்போது, முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை நெடுநீளத்தில் 129.7 மில்லிமீட்டர், நடுநீளத்தில் 122.1 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தின் அகலத்தை எட்டாத இந்த 7.6 மில்லிமீட்டர்தான் நடுநீளத்தாரின் கோட்பாடு முழுவதும் நிற்கிற அடித்தளம். டபுள் பேஸ் எனப்படும் ஆளுயர வாத்தியத்தில் கம்பி நீளம் 41 அங்குலத்தையும் தாண்டும். அதை வாசிப்போர், கீழ்ப்பகுதியில் மூன்றாம் விரலைத் தனித்து ஊன்றாமல் முதல், இரண்டாம், நான்காம் விரல்களைக் கொண்டே சமாளிக்கும் சிமாண்டில் முறையை 19-ஆம் நூற்றாண்டு முதலே கைக்கொண்டு வருகின்றனர். அவர்கள் இந்த 7.6 மில்லிமீட்டரைக் கேட்டால் சிரிப்பர் என்பது உண்மையே. தம் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலேறும்போது அவர்கள் சிரிப்பதில்லை என்பதும் உண்மை.

நீளம் குறைந்தால் கம்பியின் விறைப்பும் குறையும். மரின் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1636-இல் வெளியிட்ட விதிப்படி, ஒரே கம்பியை ஒரே சுருதியில் வைக்க வேண்டிய இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 32-ஐ 34-ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் 0.886 வரும், அதாவது இழுவிசையில் 11.4 விழுக்காடு போய்விடுகிறது. நெடுநீளத்தில் 40 பவுண்டு இழுவிசையில் நிற்கும் ஒரு கம்பி நடுநீளத்தில் 35 பவுண்டுக்குச் சற்று மேல் நிற்கும். நெடுநீளத்தார் இதைத் தொய்வு என்று இகழ்வர். அவர்களுக்கு விடை அவர்களுடைய கருவியிலேயே இருக்கிறது. 34 அங்குல பேஸின் முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் அதற்கப்பால் எஞ்சும் நீளம் 32.09 அங்குலம், ஆகவே நடுநீள பேஸ் என்பது முதல் ஃப்ரெட் அளவுக்குக் கழுத்துக் குறைந்த நெடுநீள பேஸ் அன்றி வேறன்று. இன்னும் சொல்லப்போனால், ராக் இசைக்குழுக்கள் பல நெடுநீள பேஸை அரைச்சுரம் இறக்கிச் சுருதி கூட்டும்போது இழுவிசை 10.9 விழுக்காடு குறைகிறது. நடுநீளத்தார் இயல்பான சுருதியில் பெறும் தொய்வும் ஏறத்தாழ அதே அளவினது. முன்னதைக் கனமான ஒலி என்று பாராட்டுவதும் பின்னதைக் குறைபாடு என்று ஒதுக்குவதும் எந்த இயற்பியலிலும் சேராது.

கருப்பொருள்

நடுநீள பேஸின் உறுப்புகளுள் சில எளிதில் மாற்றத்தக்கன, சில மாற்றவே முடியாதன. மாற்ற முடியாதவற்றுள் முதன்மையானது கழுத்து. பெரும்பாலான பேஸ்களில் கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டப்பட்டிருப்பதால், நெடுநீளம் வைத்திருப்பவர் விருப்பம்போல் வேறு கழுத்து வாங்கிப் பூட்டலாம். சந்தை முழுவதும் 34 அங்குலக் கழுத்துகள் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்றை 32 அங்குலத்துக்கென்று செய்த உடலில் பூட்டினால், ஃப்ரெட்டுகள் ஒரு கணக்கிலும் பிரிட்ஜ் வேறொரு கணக்கிலும் நின்று, முதல் ஃப்ரெட் முதல் கடைசி ஃப்ரெட் வரை ஒரு சுரமும் சுருதியில் நில்லாது. பிரிட்ஜைப் பின்னுக்குத் தள்ளிப் புதிதாகத் துளையிட்டுச் சரிசெய்யலாம் என்பாரும் உளர். அவ்வாறு செய்தால் கையில் இருப்பது நடுநீள பேஸாக இராது, ஓட்டைகள் மிகுந்த நெடுநீள பேஸாகிவிடும்.

இவ்வாய்வின் மையக் கருத்து இவ்விடத்தில்தான் பிறக்கிறது. உடைமையாளரை உறுத்துவது நீளம் ஒன்றே. அந்நீளத்தை அவரால் மாற்ற இயலாது. எனவே மாற்றக்கூடிய மற்ற அனைத்தையும் அவர் மாற்றத் தொடங்குகிறார். நெடுநீளத்தாரும் மாற்றுவர், குறுநீளத்தாரும் மாற்றுவர். ஆனால் அவர்கள் ஒலிக்காக மாற்றுகின்றனர். நடுநீளத்தார், தம் கருவி ஓர் இரண்டுங்கெட்டான் என்று யாரோ எப்போதோ சொல்லிவிட்ட ஒரு சொல்லுக்காக மாற்றுகின்றனர்.

மாற்றத்தின் வாயில் கம்பியே. பேஸ் கம்பி என்பது நடுவில் எஃகு இழையும் அதன்மேல் சுற்றிய உலோகச் சுருளும் கொண்டது. முறுக்காணியை அடையும் முனைப்பகுதியில் மட்டும் சுருள் மெலிந்திருக்கும். மெலிந்த பகுதியே முறுக்காணியின் தண்டில் சுற்றப்பட வேண்டும். 34 அங்குலத்துக்கென விற்கப்படும் கம்பியை 32 அங்குலத்தில் மாட்டினால், தடித்த பகுதி இரண்டு அங்குலம் மிஞ்சி நட்டைத் தாண்டி நீளும். முறுக்காணிகள் ஒரே வரிசையில் அமைந்த தலைப்பகுதியில் மிகத் தடித்த ஈ கம்பியின் முறுக்காணிதான் நட்டுக்கு மிக அருகில் இருப்பதால், தொல்லையும் அங்கேதான் தொடங்கும். தடித்த சுருள் தண்டைச் சுற்றி வளைய மறுத்து நிற்கும்; வலிந்து வளைத்தால் சுருள் விரியக்கூடும்; விரிந்தால் கம்பி செத்த ஒலி எழுப்பும். இதை அறிந்தவர், மிஞ்சிய பகுதியைக் குறடால் வெட்டும் முன் கம்பியை வெட்டுமிடத்துக்குச் சற்று உள்ளே செங்குத்தாக மடித்துக்கொள்வர். மடிக்காமல் வெட்டினால் உள்ளிழையின் மேல் இருக்கும் சுருள் நழுவித் தளர்ந்துவிடும். அறியாதவர் நேராக வெட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து, புதுக் கம்பி ஏன் பழங்கம்பி போல ஒலிக்கிறது என்று, கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் பிக்கப்பைச் சந்தேகிக்கத் தொடங்குவர். பிக்கப் மாற்றங்கள் பலவற்றின் உண்மையான தோற்றுவாய் இதுவே.

32 அங்குலத்துக்கென்றே தயாரிக்கப்படும் கம்பிகளும் கிடைக்கின்றன; ஆயினும் நெடுநீளத்துக்குக் கிடைக்கும் வகைகளில் சிறு பகுதியே நடுநீளத்துக்கு வாய்க்கும். தொய்வைப் போக்கத் தடிப்பைக் கூட்டுவோரும் உளர். 34-ஐ 32-ஆல் வகுத்தால் 1.0625; 0.105 அங்குல ஈ கம்பியை இவ்வெண்ணால் பெருக்கினால் 0.1116 வரும், ஆகவே 0.110 அங்குலக் கம்பி பூட்டினால் இழந்த இழுவிசையில் பெரும்பகுதி மீளும். கம்பி தடிக்கத் தடிக்க விறைத்து, மேற்சுரங்கள் மங்கி, ஒலி உருண்டையாகிவிடும் என்பது இதன் விலை. அவ்வுருண்டை ஒலியை மீண்டும் தெளிவாக்க வேறு பிக்கப் வாங்க வேண்டியிருப்பது அதற்கு மேல் விலை.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய நுண்ணிய செம்புக் கம்பிச் சுருள். அதன் மேல் எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் எழும் சிறு மின்னோட்டமே ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. ஒற்றைச் சுருளாயின் அறையிலுள்ள மின்விளக்கின் இரைச்சலையும் சேர்த்துக் கொண்டுவரும். இரண்டாகப் பிளந்து எதிரெதிராகச் சுற்றினால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ப்ரிசிஷன் பேஸில் 1957 முதல் இவ்வகைப் பிளவுச் சுருளே இடம்பெற்றது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரு பிக்கப்கள் உண்டு; அவற்றுள் பிரிட்ஜை அடுத்தது 1970-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பிரிட்ஜை நோக்கி நகர்த்தப்பட்டது. நகர்த்தியதற்கு முந்திய ஒலி உயர்ந்ததா, பிந்திய ஒலி உயர்ந்ததா என்னும் வழக்கு அரை நூற்றாண்டாகத் தீர்ப்பின்றி நடக்கிறது. அந்த 10 மில்லிமீட்டரை 32 அங்குலத்துக்கு ஒப்பச் சுருக்கினால் 9.4 மில்லிமீட்டர் ஆகும் என்பதை இவ்வாய்வு கணக்கிட்டு வெளியிடுகிறது. இதனால் யாருக்கும் எப்பயனும் இல்லை.

கட்டுப்பாட்டுக் குமிழ்களின் அடியில், பாட் எனப்படும் மாறு மின்தடைகளும் அவற்றோடு ஒரு கெபாசிட்டரும் உள்ளன. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பாட்டும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் மரபு. டோன் குமிழைக் குறைத்தால் உயர்ந்த அதிர்வெண்கள் கெபாசிட்டர் வழியே நிலத்துக்குப் போய்விடும். தாழ்ந்தவை மட்டும் எஞ்சும். அதைச் செய்யும் கெபாசிட்டர் பிளாஸ்டிக் படலத்தால் ஆனதா, எண்ணெயில் ஊறிய காகிதத்தால் ஆனதா என்பதில் இரு பள்ளிகள் உள்ளன. மதிப்பு ஒன்றாயின் ஒலியும் ஒன்றே என்பது ஒரு பள்ளி. பழைய காகிதத்தில் பழைய ஒலி உறைந்திருக்கிறது என்பது மற்றொன்று. விலைப்பட்டியல் இரண்டாம் பள்ளியின் பக்கமே நிற்கிறது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியொரு மெட்டாக நடப்பதைக் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிகூட, அந்தப் பேஸுக்குள் இருந்த கெபாசிட்டர் எதனால் ஆனது என்று ஒருபோதும் விசாரித்ததில்லை.

உரிப்பொருள்

மாற்றலும் மாற்றல் நிமித்தமும் உரிப்பொருளாம். நிமித்தமாவது, மாற்றுவதற்கு முன் நிகழும் படித்தல், ஒப்பிடல், விலை கேட்டல், பார்சலுக்குக் காத்திருத்தல், வந்த பார்சலை வீட்டார் கண்ணில் படாமல் உள்ளே கொண்டுபோதல் ஆகியன. கால அளவால் நிமித்தம் பெரிது, மாற்றல் சிறிது.

இத்துறைக்கு மூலவர் இருவர் எனலாம். இங்கிலாந்தில் பில் வைமன், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேரும் முன் 1961-இல், மலிவான பேஸ் ஒன்றின் தேய்ந்த ஃப்ரெட்டுகளைப் புதியவை போடும் எண்ணத்தோடு பிடுங்கினார். பிடுங்கிய பின் எழுந்த ஒலி பிடித்துப்போகவே புதியவற்றைப் போடவேயில்லை. அமெரிக்காவில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றின் ஃப்ரெட்டுகளை வெண்ணெய் தடவும் கத்தியால் நீக்கி, பள்ளங்களை மரச்சாந்தால் நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்ஸியை அதன்மேல் பூசினார்; 1976-இல் வெளிவந்த அவருடைய முதல் தனி இசைத்தட்டு பேஸ் வாசிப்பின் போக்கையே திருப்பியது. ஃப்ரெட் நீக்கப்பட்ட நிலையிலேயே அதை வாங்கியதாக அவரே வேறோரிடத்தில் சொன்னதாகவும் பாடபேதம் உண்டு. எந்தப் பாடத்தைக் கொண்டாலும், வெண்ணெய்க் கத்தி எடுத்தவர் எல்லோரும் ஜாக்கோ ஆகவில்லை என்பதைக் கடைகளில் தொங்கும் சிதைந்த கழுத்துகள் காட்டும்.

இவர்களுக்கு நேரெதிரானவர் டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணிறந்த பாடல்களில் பேஸ் வாசித்த இவர், தட்டைச் சுருள் கம்பி பூட்டிய ப்ரிசிஷன் பேஸை, கம்பி அறுந்தாலன்றி மாற்றாமல், பெரும்பாலும் வலக்கையின் ஒற்றை விரலாலேயே வாசித்தார். அவருடைய கருவியில் பிரிட்ஜ் மூடியின் அடியில் பஞ்சு வைத்த தடுப்பு ஒன்று இருந்தது. அது மாற்றம் அன்று, கம்பெனியே வைத்துக் கொடுத்தது. அம்மூடியைப் பின்வந்த தலைமுறை கழற்றி எறிந்துவிட்டு, அவ்வொலியைத் தேடி விலையுயர்ந்த சாதனங்களை வாங்கியது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிப் பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகினால் அவ்வொலிக்கு மிக நெருங்கிவிடலாம். இவ்வாய்வில் குறிப்பிடப்படும் மாற்றங்கள் அனைத்திலும் மலிவானதும் உறுதியாகப் பலிப்பதும் இதுவே. அக்காரணத்தாலேயே இதை யாரும் மாற்றம் என்று மதிப்பதில்லை.

மதிக்கப்படும் மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்குப் பிரிட்ஜ் ஒன்றே சான்றாகப் போதும். வளைத்த தகட்டால் ஆன பழைய பிரிட்ஜை எடுத்துவிட்டுக் கனத்த உலோகப் பிரிட்ஜ் பூட்டினால் சுரம் நெடுநேரம் நிற்கும் என்று உடைமையாளர் படித்திருப்பார். பூட்டுவார். கனத்த பிரிட்ஜின் சேடில்கள் பழையதைவிட உயரமாயிருப்பது உண்டு. அவ்வாறாயின் கம்பிகள் மேலெழுந்து, அழுத்தும் விரல் நோகும். சேடிலை எவ்வளவு இறக்கியும் போதாமையால், கழுத்தைத் தாங்கும் குழியில், பிரிட்ஜ் பக்கத்து ஓரத்தில், ஒரு விசிட்டிங் கார்டை வெட்டி அண்டைகொடுத்துக் கழுத்தைச் சற்றே பின்சாய்ப்பார். சாய்ந்தபின் கழுத்தின் வளைவு கண்ணுக்கு வேறாகத் தோன்றும். கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹ்யூ 1920-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற ட்ரஸ் ராட் என்னும் உள்ளுறை எஃகுத் தண்டை ஆலன் கீயால் கால் சுற்றுத் திருப்புவார். கால் சுற்றோடு நிறுத்திவிட்டு மறுநாள் வரை பொறுக்க வேண்டும் என்பது விதி. அவர் மேலும் கால் சுற்றுத் திருப்புவார். முதல் ஃப்ரெட்டில் கம்பி உரசி இரையும். குற்றம் நட்டின் மேல் விழும். எலும்பு நட் ஒன்று வாங்கி, பள்ளம் அரத்தால் சீவி, ஒரு பள்ளத்தை மட்டும் கூடுதலாகச் சீவி, இன்னொன்று வாங்குவார். இறுதியாக 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் கம்பியைத் தொட்டு எழுப்பும் கிளைச்சுரமும் ஒத்து வரும்வரை சேடில்களை முன்னும் பின்னும் நகர்த்தும்போது, சேடிலின் உயரம் மாற்றும் சிறு திருகாணி ஒன்று கழன்று தரையில் உருளும். அத்திருகாணி தரையின் நிறத்தை உடனே ஏற்றுக்கொள்வதை அனைவரும் கண்டிருக்கின்றனர். இத்தனைக்கும் பின் சுரம் முன்னைவிட நெடுநேரம் நிற்கிறதா என்று எவரும் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லை. பாட்டின் நடுவில் பேஸ் சுரம் அடுத்த தாளத்துக்கு மேல் நிற்க வேண்டிய தேவையே அரிது.

பற்றவைப்பு இதனினும் நுட்பமானது. பாட் எனப்படும் மாறு மின்தடையின் முதுகில் நில இணைப்புக் கம்பியைப் பற்றவைக்க அதன் உலோகம் முழுவதும் சூடேற வேண்டும். மெலிந்த சோல்டரிங் அயர்னை வைத்திருப்பவர் பொறுமையிழந்து ஈயத்தைக் குளிர்ந்த உலோகத்தின் மேல் உருட்டிவிடுவார். அது மணியாகத் திரண்டு நிற்கும். கேபிளை ஆட்டினால் ஒலி வந்து போகும். கழற்றும் முன் பழைய இணைப்பைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்பது இரண்டாவது முறை செய்வோரின் அறிவு. முதன்முறை செய்வோர், ஜாக்கில் இரு கம்பிகளையும் இடம்மாற்றி வைத்து, ஆம்ப்ளிஃபையரைத் திறந்ததும் எழும் உறுமலைப் புது பிக்கப்பின் ஆற்றல் என்று ஒரு கணம் எண்ணி மகிழ்வர். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் பரவலாக்கிய ப்ரீஆம்ப் என்னும் உள் மின்சுற்றைப் பொருத்துவோர்க்கு 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் கூடுதலாக வேண்டும்; கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதால், கேபிளைப் பிடுங்க மறந்தவர் கச்சேரி அன்று மாலையில் பேட்டரிக்காகக் கடை கடையாக அலைவது இவ்வகைக்கே உரிய சிறப்பு மெய்ப்பாடு.

புறனடை

மேற்கூறிய அனைத்தும் கருவியை வைத்துக்கொள்வோர்க்கே பொருந்தும். விற்போர்க்கு வேறு விதி. நடுநீள பேஸை வாங்க வருவோர் சிலரே. அச்சிலரும் முதலில் கேட்பது, பாகங்கள் எல்லாம் கம்பெனியில் வந்தவைதானா என்பதே. பூட்டியிருக்கும் பிரிட்ஜும் பிக்கப்பும் கருவியின் விலையையே எட்டும் என்று விற்பவர் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், பழைய தகட்டுப் பிரிட்ஜ் இருந்தால் கொடுங்கள் என்பார் வாங்குபவர். ஆகவே கழற்றிய பாகங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த முன்யோசனைக்காரர், விற்கும் முன்பாக எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மீளப் பூட்டுவார். கருவி அதன் வாழ்நாளில் காணும் கடைசி மாற்றம் இது. பெரும்பாலும் இதுவே பிழையின்றி முடிவதும். பேஸ் போன பின் அவரிடம் கனத்த பிரிட்ஜ் ஒன்று, சுற்றுமிகுந்த பிக்கப் ஒன்று, எலும்பு நட் ஒன்று, எண்ணெய்க் காகித கெபாசிட்டர் ஒன்று, 32 அங்குலத்துக்கு அளவாக வெட்டிய கம்பிகள் ஒரு கட்டு எஞ்சும். இவற்றை வீணாக்குவானேன் என்று, இவற்றைப் பூட்டுவதற்கு ஏற்ற நடுநீள பேஸ் ஏதேனும் மலிவாகக் கிடைக்குமா என்று அவர் அன்றிரவே தேடத் தொடங்குவார்.